பின்னால் போகும் கப்பல்

என் தையல் மெஷினைப் பின்பக்க ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தேன். வெளிச்சத்துக்காக என்று நான் சொல்வேன். வேடிக்கை பார்க்க என்று மற்றவர்கள் சொல்வார்கள். இரண்டும்தான். ஜன்னலுக்கு வெளியே ஒரு முற்றம், எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொது. ஒரு குழாய், ஒரு துவைகல், துணிக்கொடி, மூலையில் தகரக் கூரை போட்ட சின்ன ஷெட். பக்கத்து வீட்டில் மாடியில் அண்ணன், கீழே தம்பி. அண்ணன் அச்சகத்தில் மெஷின் ஓட்டியவர். போன மழைக்காலத்தில், வேலைக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி கட்டிலில் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

அவர் மனைவியை நான் மூத்தவள் என்றே சொல்கிறேன். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் மேற்பார்வை அவள் வேலை. நாள் முழுக்க நீராவி இஸ்திரி மெஷின்களுக்கு நடுவில் நிற்பவள். முழங்கைக்குக் கீழே சின்னச் சின்னதாகச் சூடு பட்ட தழும்புகள். பேச்சு குறைவு. தம்பி லிஃப்ட் மெக்கானிக். அவர் மனைவி இளையவள், கண்ணாடிக் கடையில் இருந்தாள். வருகிறவர்களின் மூக்குக்கும் காதுக்கும் தகுந்த மாதிரி ஃபிரேமை வளைத்துக் கொடுப்பாள். இவளுக்குப் பேச்சு அதிகம். இரண்டு வீட்டிலும் பிள்ளை இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூத்தவள் பழைய போர்வையில் எதையோ சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருவது மாதிரி மாடிப்படி இறங்கி வந்தாள். துவைகல்லின் மேல் வைத்துப் பிரித்தாள். கப்பல். சரியாகச் சொன்னால், நீராவியில் ஓடும் பொம்மைப் படகு. ஒரு கை நீளம் இருக்கும். மரத்தால் ஆன உடம்பு, நடுவில் செம்புப் பாய்லர், அதற்குக் கீழே ஸ்பிரிட் விளக்கு, பின்னால் கட்டைவிரல் பருமனில் ஒரு இஞ்சின். பித்தளைப் புகைபோக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. செம்பு முழுக்கப் பச்சை பூத்திருந்தது.

லிஃப்ட்காரர் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, இதை ஓட வைக்கணும்.”

வாயில் நுரையோடு, “என்ன அண்ணி திடீர்னு?” என்றார்.

“ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. ஓடணும்.”

“அண்ணனே ஓட வைக்கலையே.”

“அதனாலதான்னு வெச்சுக்குங்க.” கொஞ்சம் யோசித்தாள். “இல்ல, அதனாலயும் இல்ல. என்னை ஒண்ணும் கேக்காதீங்க. ஓடணும், அவ்வளவுதான்.”

அந்தக் கப்பலைத் தெருவுக்கே தெரியும். கப்பல்காரர் என்றுதான் இறந்துபோன அண்ணனுக்குப் பெயர். பழைய இரும்புக் கடையில் உடைசலாகக் கிடந்ததை வாங்கி வந்து, வருஷக்கணக்கில் மாடியில் உட்கார்ந்து அரம் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டால், “அடுத்த வாரம் தண்ணில விட்டுடலாம்” என்பார். மூத்தவள் ஒரு தடவை அதை நம்பி, ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டி வைத்து, நல்ல புடவை உடுத்திக்கொண்டு கீழே வந்து நின்றாள். ஒரு ஸ்க்ரூ சரியில்லை என்று அவர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னார். அந்த முட்டையில் இரண்டை நான்தான் தின்றேன். அதற்கப்புறம் அவள் கப்பலைப் பற்றிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

லிஃப்ட்காரர் அன்றைக்கே ஷெட்டைப் பெருக்கி, பலகை போட்டு, கப்பலைப் பிரிக்க ஆரம்பித்தார். பெரிய பெரிய கட்டடங்களில் கம்பிவடத்தில் தொங்கி வேலை செய்கிற மனிதருக்கு இவ்வளவு சின்ன ஸ்க்ரூக்களைக் கண்டதும் விரல் தடுமாறியது. கழற்றியதையெல்லாம் டீ கப்களில் போட்டு வரிசையாக வைத்தார். இளையவள் டீ கொடுக்கக் கப் இல்லாமல் தம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். அதிலும் ஒரு ஸ்க்ரூவைப் போட்டார்.

இஞ்சினையும், தண்ணீரைத் தள்ளுகிற சுழலியையும் இணைக்கிற கம்பி ஒரு பித்தளைக் குழாய்க்குள் போகிறது. அதை உருவியபோது அவர் கை அப்படியே நின்றதை நான் ஜன்னல் வழியே பார்த்தேன். கம்பியில் சுற்றியிருந்த எதையோ நகத்தால் கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மாடிப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து இளையவள் புருஷனின் பேண்ட்டைக் கால் குறைக்கக் கொண்டுவந்தாள். குறைக்க வேண்டிய அவசியமே இல்லை, பேசத்தான் வந்திருந்தாள்.

“டெய்லரக்கா, யார்கிட்டயும் சொல்லமாட்டீங்களே?”

“நான் யார்கிட்ட சொல்லப்போறேன்.”

“அந்தக் கப்பல் தண்ணில ஓடியிருக்குக்கா. கம்பில பாசி சுத்தியிருக்கு. காஞ்சு போய் முடி மாதிரி. இஞ்சின் வேற தேஞ்சிருக்காம். ஒரு நாள் ரெண்டு நாள் ஓடித் தேய்ஞ்சது இல்லையாம், ரொம்ப நாள் ஓடியிருக்காம். வீட்டுத் தொட்டில ஏதுக்கா பாசி?”

“மூத்தவளுக்குத் தெரியாதா?”

“அவங்கதான் ‘ஒரு நாள்கூடத் தண்ணியைத் தொடாமப் போச்சே’ன்னு சொல்லிச் சொல்லி மாயுறாங்க. சொல்லிடுங்கன்னு நான் சொல்றேன். ‘என்னன்னு சொல்றது? உங்களை விட்டுட்டு அண்ணன் மட்டும் போய் ஓட்டிட்டு வந்திருக்கார்னா?’ன்னு என் மேலயே எரிஞ்சு விழறார். எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல.”

எனக்கும் புரியவில்லை. அச்சகத்தில் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்று கப்பல்காரர் ஒரு பெரிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனது மட்டும் நினைவுக்கு வந்தது. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வேலை நடந்தது. செம்பு பாகங்களை எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டார்கள். மறுநாள் பச்சையெல்லாம் போய்ப் பிறந்த குழந்தை மாதிரி இளஞ்சிவப்பாக வெளியே வந்தது. பாய்லருக்குள் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றிப் பார்த்தார் லிஃப்ட்காரர். மூத்தவளும் சலவைக்கூடத்திலிருந்து வந்த உடுப்போடு பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். பம்பில் இருந்த முள் கொஞ்சம் ஏறியதும் அடித்தட்டின் ஓரத்தில் வியர்வை மாதிரி தண்ணீர் முத்து முத்தாக நின்றது.

“இங்கதான் அண்ணி. அண்ணன் ஈயம் வெச்சு ஒட்டியிருக்கார்.”

“அவர் வெச்ச ஒட்டா?”

“ஆமா. ஈயம் நிக்காது. உள்ள தண்ணி வத்தின நேரம் பார்த்துச் சூடு ஏறிச்சுன்னா இளகிடும். அழுத்தத்துல வெடிச்சாலும் வெடிக்கும். இதைச் சுரண்டிட்டு வெள்ளியை உருக்கிப் பத்து வைக்கணும்.”

மூத்தவளுக்குப் பாய்லரைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் அந்த ஒட்டைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். மேடும் பள்ளமுமாக, பார்க்கச் சகிக்காத ஒட்டு.

“அதை அப்படியே விட்டுட்டு மேல ஒண்ணு வைக்க முடியாதா?”

“முடியாது அண்ணி. ஈயம் துளி இருந்தாக்கூட வெள்ளி ஒட்டாது.”

“அப்ப வேண்டாம். மூடி வெச்சிடுங்க.”

மூடி வைத்தார். மறுநாள் காலையில் அவளே வந்து, “ஏன் நிறுத்திட்டீங்க?” என்று கேட்டாள். லிஃப்ட்காரர் என் ஜன்னலைப் பார்த்தார். நான் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன்.

ஏசி மெக்கானிக் ஒருவர் அவருக்குச் சிநேகிதர். அவரிடமிருந்து நெருப்பைப் பீய்ச்சும் விளக்கும் வெள்ளிக் கம்பியும் வாங்கி வந்தார். முற்றத்தில் செங்கல்லை அடுக்கிக் கூடு கட்டி, பாய்லரை உள்ளே வைத்து, செம்பு சிவக்கிற வரை சூடேற்றினார். கம்பி நுனியை ஓரத்தில் தொட்டதும் வெள்ளி தண்ணீராகி, கண் இமைப்பதற்குள் விளிம்பு முழுக்க ஓடிச் சுற்றி வந்தது. நானே மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றேன். ஆறியதும் மூத்தவள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். சுத்தமான மெல்லிய கோடு. “நல்லா இருக்கு” என்றாள். குரலைக் கேட்டால் நல்லா இருக்கு என்று சொன்ன மாதிரி இல்லை.

அதற்கப்புறம் அவள் எதைச் சொல்வாள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஒரு நாள், எதையும் மாற்றாதீர்கள், அவர் விட்ட மாதிரியே இருக்கட்டும் என்பாள். மறுநாள் சலவைக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாக, “தம்பி, சேஃப்டி வால்வ் இல்லாம நீராவியா? எங்க மெஷினை அப்படி வெச்சா என்னை வேலையை விட்டே தூக்கிடுவாங்க. நல்லதா ஒண்ணு வைங்க. அழுத்தம் காட்டுற முள்ளும் வைங்க” என்பாள். ஸ்பிரிட் விளக்கை எடுத்துவிட்டுக் கேஸ் அடுப்பு வைக்கச் சொன்னதும் அவள்தான். வைத்த பிறகு, “அந்த விளக்கு எங்க?” என்று கேட்டு, கழற்றிப் போட்ட விளக்கைத் துடைத்து மாடிக்கு எடுத்துப் போனதும் அவள்தான். லிஃப்ட்காரர் மனம் கோணாமல் செய்தார். பலகை இடுக்குகளில் பழைய மக்குப் பசையைச் சுரண்டிப் புதிதாக அடைத்தார். வார்னிஷ் மூன்று கை அடித்தார். பாய்லரைச் சுற்றி மெல்லிய மரச்சட்டம் வைத்துப் பித்தளைப் பட்டியால் கட்டினார். ஒரு நாள்கூட, எதற்கு என்று அண்ணியைக் கேட்கவில்லை.

இளையவள்தான் கேட்டாள். என்னிடம் கேட்டாள்.

“சந்தேகம்னா சந்தேகம்னு சொல்லிடுவேன்க்கா. சந்தேகப்பட்டாக்கூட ஒரு பிடி இருக்கும், சண்டை போடலாம். அவங்க அவருக்கு அம்மா மாதிரி. அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனா வேலை விட்டு வந்ததும் நேரா ஷெட்டு. சாப்பிடும்போது கப்பல். தூங்கும்போது கப்பல். நேத்து நான் புதுக் கண்ணாடி போட்டுட்டு முன்னால நிக்கறேன், ‘உன்கிட்ட சின்ன ஸ்க்ரூடிரைவர் இருக்குமே, கடைலேர்ந்து எடுத்துட்டு வா’ங்கறார். இவர் அண்ணனுக்காகச் செய்யறாரா, அண்ணிக்காகச் செய்யறாரா, இல்ல வேற எதுக்காகவா? கேட்டா, ‘எனக்கே தெரியல, கையை எடுக்க முடியல’ங்கறார்.”

“நீ போய்ப் பக்கத்துல உக்காரேன்.”

“உக்காந்தேனே. ரெண்டு பேரும் பேசமாட்டாங்க. ஒருத்தர் கை நீட்டுவார், இன்னொருத்தர் எடுத்துக் கொடுப்பாங்க. நடுவுல நான் என்ன பண்றது, விசிறியா வீசுறது?”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பாய்லர் சோதனையில் சொட்டுக்கூடக் கசியாமல் நின்றது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் முற்றத்தில் பெரிய பிளாஸ்டிக் தொட்டியை வைத்துத் தண்ணீர் நிரப்பினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். இளையவள் உருளைக்கிழங்கு வறுத்துத் தட்டில் கொண்டுவந்தாள். மனசுக்குள் எப்படியிருந்தாலும் அன்றைக்கு எல்லோர் முகத்திலும் ஒரு கல்யாண வீட்டுக் களை இருந்தது. லிஃப்ட்காரர் பாய்லருக்குத் தண்ணீர் ஊற்றினார். பக்கத்திலிருந்த சின்னக் குப்பியில் கெட்டி எண்ணெய் விட்டார். நீராவி போகிற வழியில் அந்த எண்ணெயையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் போய் இஞ்சினுக்குக் கொடுக்குமாம். கேஸைத் திறந்து பற்றவைத்தார். நீலமாக உறுமியது. வறுவலை யாரும் தொடவில்லை. முள் மெல்ல மெல்ல ஏறியது.

“இப்ப திறக்கலாம்” என்றாள் மூத்தவள், முள்ளைப் பார்க்காமலே. சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்தது.

திறந்தார். இஞ்சின் முதலில் வாயிலிருந்து வெந்நீரைத் துப்பியது. லிஃப்ட்காரர் சக்கரத்தை விரலால் ஒரு சுண்டு சுண்டினார். இருமியது, நின்றது. இன்னொரு சுண்டு. பிறகு தக்தக்கென்று ஆரம்பித்து, ஒரே சீராகப் பிடித்துக்கொண்டது. சூடான எண்ணெய் வாசம் முற்றம் முழுக்கப் பரவியது. அவர் கப்பலை இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீரில் வைத்து விட்டார்.

கப்பல் பின்னால் போனது.

பின்பக்கம் தொட்டியில் போய் முட்டி, அங்கேயே நின்று முட்டிக்கொண்டே இருந்தது. அவர் எடுத்துத் திருப்பி வைத்தார். மறுபடியும் பின்னால்தான் போனது. இளையவள் வாயைப் பொத்தினாள். பொத்தியும் முடியாமல் பொங்கிச் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

“அண்ணன் சுழலியைத் தப்பா போட்டிருக்கார் போல,” என்றார் லிஃப்ட்காரர். உடனே, “இல்ல இல்ல, நீராவி போற குழாயும் வர்ற குழாயும் மாறியிருக்கு. ரெண்டையும் மாத்தி மாட்டினா முன்னால போகும். பத்து நிமிஷ வேலை,” என்றார். அதற்கும் பிறகு, அவரே குழம்பிப்போய், “அண்ணனுக்கு இது தெரியாம இருக்குமா? அச்சு மெஷினையே அக்கு அக்காப் பிரிச்சு மாட்டுவாரே,” என்றார்.

“அவர் ஓட்டிப் பார்த்திருந்தாத்தானே தெரியும்?” என்றாள் மூத்தவள். “ஒரு தடவையாவது தண்ணில விட்டிருந்தாருன்னா அப்பவே தெரிஞ்சிருக்கும். அதைத்தான் செய்யவே இல்லையே மனுஷன்.”

“அக்கா, அவர் விட்டிருக்கார்,” என்றாள் இளையவள்.

லிஃப்ட்காரர் அவளை முறைத்தார். அவளுக்கு அது கண்ணிலேயே படவில்லை.

“தண்ணில விட்டிருக்கார் அக்கா. நிறைய தடவை. கம்பில பாசி இருந்துச்சு. இவர் எடுத்து ஒளிச்சு வெச்சிருக்கார். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினார். என்னால முடியல. நீங்க தினம் ஒண்ணு சொல்றீங்க, இவர் தினம் ஒண்ணு செய்யறார், நான் ஒருத்தி எல்லாத்தையும் வாயில போட்டு மென்னுக்கிட்டு நிக்கறேன்.”

கப்பல் தொட்டியில் முட்டிக்கொண்டே இருந்தது. மூத்தவள் குனிந்து கேஸை அடைத்தாள். சத்தம் மெல்ல அடங்கியது. கொழுந்தனைப் பார்த்து, “அப்படியா தம்பி?” என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். அவள் மாடிக்குப் போய்விட்டாள். புருஷனும் பெண்டாட்டியும் அதற்கப்புறம் சண்டைகூடப் போடவில்லை. ஆளுக்கொரு பக்கம் தொட்டியைப் பிடித்துத் தண்ணீரைச் சாய்த்துக் கொட்டினார்கள்.

அந்த வாரம் முழுக்க மூத்தவள் ஷெட் பக்கம் வரவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள். எல்லோரும் போன பிறகுதான் குழாயடிக்கு வந்தாள். ஒரு நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“டெய்லரக்கா, ஞாயித்துக்கிழமை அவர் பை எடுத்துக்கிட்டுப் போவாரே, பார்த்திருக்கீங்களா?”

“பார்த்திருக்கேன்.”

“பை கனமா இருக்குமா?”

“கனமாத்தான் தெரியும்.”

“நானும் பார்த்திருக்கேன். நான்தான் டிபன் கட்டிக் கொடுத்திருக்கேன். டிபன் வைக்கன்னு பையைத் திறந்திருந்தா கப்பலைப் பார்த்திருப்பேனே. வாசல்ல வெச்சு வாங்கிப்பார். பைக்குள்ள விடமாட்டார், கையிலதான் வாங்கிப்பார்.” வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். “வேற ஒருத்தி இருந்தான்னாக்கூட எனக்குப் புரிஞ்சிருக்கும். கப்பலை எதுக்கு மறைக்கணும்? நான் என்ன பண்ணியிருப்பேன், வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? கூட ரெண்டு முட்டை அவிச்சிருப்பேன்.”

உட்காரச் சொன்னேன். உட்காராமல் போய்விட்டாள்.

அடுத்த நாள் அவளே கீழே இறங்கி ஷெட்டுக்குப் போனாள். இளையவளையும் கூப்பிட்டாள். “மிச்ச வேலையை முடிங்க தம்பி. முன்னாலயும் போகணும், பின்னாலயும் போகணும். ரிமோட்டும் வைங்க. நின்ன இடத்துல இருந்து நான் ஓட்டணும்.” இளையவளைப் பார்த்து, “நீ சொன்னது நல்லது. தம்பி சொல்லாம இருந்ததும் நல்லதுக்குத்தான். எது நல்லதுன்னு எனக்குத் தெரியல, ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதீங்க,” என்றாள்.

நீராவி போகும் வழியையும் வரும் வழியையும் மாற்றிவிடுகிற ஒரு வால்வைச் செய்தார் லிஃப்ட்காரர். அதைத் திருப்ப, உடைந்த ரிமோட் காரிலிருந்து சின்ன மோட்டாரைக் கழற்றிப் பொருத்தினார். கண்ணுக்குத் தெரியாத அந்த ஸ்க்ரூக்களை இந்தத் தடவை இளையவள்தான் மாட்டினாள். அவள் கைக்கு அது தினசரி வேலை. லிஃப்ட்காரர் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாசி இருக்கிற இடம் என்றால் தேங்கின தண்ணீர். அச்சகத்துக்குப் பின்னால் தண்ணீர் இறைக்கிற பம்ப் ஸ்டேஷனும் அதை ஒட்டி ஒரு குளமும் உண்டு. வேறெங்கே போயிருப்பார் என்று அங்கேயே போனோம். நால்வரும் ஒரே ஆட்டோவில். கப்பல் மூத்தவள் மடியில், கேஸ் டப்பா என் மடியில். மேகம் மூடிய மத்தியானம், காற்றில்லை. கரையில் உயரம் குறைந்த சிமெண்ட் சுவர், அதில் ஒரு இடத்தில் படி. தண்ணீர் டீ நிறத்தில் அசையாமல் கிடந்தது. கரை ஓரமெல்லாம் முடி மாதிரி பாசி. லிஃப்ட்காரர் அதைப் பார்த்துவிட்டு யாரையும் பார்க்காமல் வேலையைத் தொடங்கினார்.

கப்பல் முன்னால் போனது. அழகாகப் போனது. தக்தக் என்ற சத்தம் தண்ணீரின் மேல் தவழ்ந்து போக, பின்னால் இரண்டு கோடு விரிந்துகொண்டே போனது. புகைபோக்கியிலிருந்து வெள்ளையாக ஒரு பிசிறு. லிஃப்ட்காரர் ரிமோட்டை அண்ணியிடம் கொடுத்தார். அவள் ஒரு வட்டம் திருப்பினாள். “சொன்ன பேச்சு கேக்குதே!” என்றாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் பல் தெரிந்தது.

பம்ப் ஸ்டேஷனின் காவல்காரர் சத்தம் கேட்டு வந்தார். பெரிய வயிறு, தோளில் துண்டு, கையில் பாதி கடித்த ஆப்பிள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இது அந்தப் பின்னால போற கப்பலாச்சே. சரி பண்ணியாச்சா?”

லிஃப்ட்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மூத்தவள் முந்திக்கொண்டாள். “இதை உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன. அச்சாபீஸ்காரர் கொண்டு வருவாரே. நீங்க வேண்டப்பட்டவங்களா? ஆளே காணோமே இப்ப?”

“இறந்துட்டார்,” என்றார் லிஃப்ட்காரர்.

காவல்காரர் ஆப்பிளைக் கீழே இறக்கிக்கொண்டார். “அடடா... நல்ல மனுஷன். ஞாயித்துக்கிழமை வந்தா சாயங்காலம் வரைக்கும் இருப்பார். தனியாத்தான். அதுவும் பின்னால போயிக்கிட்டே இருக்கும், இவரும் பார்த்துக்கிட்டே இருப்பார். ‘என்னய்யா, எதையாவது மாத்தி மாட்டிப் பார்க்கக்கூடாதா?’ன்னு நான்கூடக் கேட்டிருக்கேன்.”

“என்ன சொன்னார்?” மூத்தவள்தான் கேட்டாள்.

“‘சரியா ஓடுச்சுன்னா வீட்டுக்காரியைக் கூட்டிட்டு வரணும்’னு சொன்னார்.”

நாங்கள் மூவரும் மூத்தவளைப் பார்த்தோம். இளையவளுக்கு உடனே கண் கலங்கிவிட்டது. “பார்த்தீங்களா அக்கா,” என்று அவள் கையைப் பிடித்தாள். “சரியா ஓட வெச்சு உங்களுக்குக் காட்டணும்னு நினைச்சிருக்கார். பின்னால போறதைக் காட்ட வெக்கப்பட்டிருக்கார்.”

மூத்தவள் அசையவில்லை. காவல்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்படிச் சொன்னார்?”

“எப்படின்னா?”

“கூட்டிட்டு வரணும்னு ஆசையாச் சொன்னாரா? இல்ல, சரியா ஓடிட்டா அப்புறம் கூட்டிட்டு வர வேண்டியதா போயிடும்னு சொன்னாரா?”

இளையவள் பிடித்திருந்த கையை விட்டாள். எனக்கு அப்போதுதான் ‘வரணும்’ என்ற அந்த ஒரு வார்த்தைக்குள் இரண்டு வழி இருப்பது புரிந்தது. காவல்காரர் வானத்தைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார். நேர்மையான மனிதர், ஆறுதலுக்காக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், அவர் சொல்லவில்லை.

“சிரிச்சுக்கிட்டே சொன்னார்மா. ஆனா அவர் எதையும் சிரிச்சுக்கிட்டேதான் சொல்வார். எந்த அர்த்தத்துல சொன்னாருன்னு இப்பக் கேட்டா... தெரியலம்மா.”

“ஆமா,” என்றாள் மூத்தவள். “எதையும் சிரிச்சுக்கிட்டேதான் சொல்வார்.”

காவல்காரர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போனார். மூத்தவள் ரிமோட்டில் இருந்த குச்சியைப் பின்னால் தள்ளினாள். கப்பல் ஒரு கணம் தயங்கி, தண்ணீரைக் கலக்கி, பின்பக்கமாகப் போக ஆரம்பித்தது. அவள் அதை அப்படியே போக விட்டாள். திருப்பவில்லை. மூக்கை எங்கள் பக்கம் வைத்துக்கொண்டு, எங்களையே பார்த்தபடி கப்பல் குளத்தின் நடுவுக்கு விலகிப் போனது. அவர் அங்கே உட்கார்ந்து என்ன பார்த்திருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்தது ஒரு கப்பல் பின்னால் போவதை மட்டும்தான்.

நடுக்குளத்தில் தக்தக் சத்தம் இழுத்தது. இன்னும் இரண்டு தடவை அடித்து நின்றுவிட்டது.

“கேஸ் தீர்ந்துடுச்சு,” என்றார் லிஃப்ட்காரர். “நல்லதுதான், தண்ணி வத்தறதுக்கு முன்னால கேஸ் தீர்ற மாதிரிதான் அளவு வெச்சேன். இருங்க அண்ணி, நான் எடுத்துட்டு வரேன்.” பேண்ட்டைச் சுருட்டத் தொடங்கினார்.

“நீங்க இருங்க தம்பி.”

மூத்தவள் ரிமோட்டை என் கையில் கொடுத்தாள். செருப்பைக் கழற்றினாள். படியில் இறங்கினாள். கணுக்கால், முழங்கால், இடுப்பு. புடவை முதலில் மிதந்து, பிறகு நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஆழம் அவ்வளவுதான். சேற்றில் ஒவ்வொரு காலாகப் பிடுங்கிப் பிடுங்கி வைத்து நடந்தாள். லிஃப்ட்காரர், “அண்ணி, பாய்லர் சூடா இருக்கும், தொடாதீங்க,” என்று கத்தினார். யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும், கடைசி வார்த்தை தணிந்துவிட்டது.

கப்பலிடம் போய்ச் சேர்ந்தவள் அதை எடுக்கவில்லை. பக்கத்தில் நின்றாள், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ரொம்ப நேரம் நின்றாள். என்ன செய்கிறாள் என்று தெரியவில்லை. கூப்பிடலாமா, போகலாமா, விட்டுவிடலாமா என்று தெரியாமல் நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். லிஃப்ட்காரர் ஒரு காலைச் சுருட்டியவர் மறு காலைச் சுருட்டாமலே நின்றார்.

பிறகு அவள் திரும்பினாள். எங்கள் எல்லோரையும் பார்த்துவிட்டு இளையவளிடம் கண்ணை நிறுத்தினாள்.

“ஏய், கால் புதையுது. நீ வந்து பிடி.”

இளையவளுக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் என்றாலே பயம், மழைநாளில் முற்றத்தில் நடக்கக்கூடச் செங்கல் போடச் சொல்கிறவள். ஒரு தடவை புருஷனைப் பார்த்தாள். அவள் கண்ணாடியைக் கழற்றி அவர் சட்டைப்பையில் சொருகிவிட்டு, செருப்பைக் கழற்ற வேண்டும் என்ற நினைப்புகூட இல்லாமல் படியில் இறங்கினாள்.

“எங்க அக்கா கால் வைக்கறது? எனக்கு ஒண்ணும் தெரியலையே!”

“எனக்கும் தெரியல. வா, பார்த்துக்கலாம்.”

இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் “ஐயோ அக்கா, ஐயோ அக்கா” என்று சொல்லிக்கொண்டு அவள் போனாள். மூத்தவள் கப்பலை விட்டுவிட்டு அவளை நோக்கிக் கையை நீட்டியபடி வந்தாள்.